குடிகாரர் என்று சொல்லிவைத்தோம்

முதல் தடவை அப்பாவை ஒரு டாக்ஸியில் கொண்டுவந்து இறக்கியபோது எங்கள் லைனில் பாதி வீடுகளின் கதவு திறந்துவிட்டது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு நடுவே ராத்திரியில் டாக்ஸி வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். எங்களுடையது மூங்கில் தட்டிச் சுவர். பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் நாங்கள் புரண்டு படுப்போம். அப்படிப்பட்ட இடத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் யார் தூங்குவார்கள்?

டிரைவர் ஒல்லியான மனிதர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தலையைச் சுற்றி மப்ளர். ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருந்த ஒருவரின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர். அப்பாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, வாசலுக்கு வந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"அக்கா, இவரு உங்க ஊட்டுக்காரரா? வண்டிக்கு நேரா ஓடியாராரு. ரெண்டு கையையும் விரிச்சிகினு, நிறுத்து நிறுத்துன்னு கத்திகினு. நான் பிரேக் அடிக்கலைன்னா இன்னா ஆயிருக்கும்? கோவத்துல கன்னத்துல ஒண்ணு வச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

அப்பாவின் இடது கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நின்றார். எதிர்வீட்டு அம்மாள் கதவில் சாய்ந்தபடி, "இன்னா, போட்டுட்டாரா?" என்று கேட்டாள். அவள் புருஷன் வாரத்துக்கு இரண்டு நாள் அப்படித்தான் வருவான். அவள் குரலில் கேலிகூட இல்லை. தன் வீட்டுக் கஷ்டம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதே என்கிற மாதிரி ஒரு பரிவுதான் இருந்தது.

அம்மா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். திறந்து நின்ற மற்ற கதவுகளைப் பார்த்தாள்.

"ஆமா. இன்னிக்கி கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள்.

டிரைவர் ஆச்சரியத்தோடு திரும்பினார். "இல்லியே அக்கா, வாசனை ஒண்ணும்..."

"நீ போப்பா. உனக்குப் புண்ணியமா போவும். போ."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அப்பா தன் ஆயுசில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை.

அவர் சுரங்கத்துக்குள் டிம்பர்மேனாக இருந்தவர். தோண்டிய இடத்தில் கூரை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தும் வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த வருஷம், அவர் வேலை செய்த லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது. தலையில் விளக்கு கட்டி அவரோடு இருந்த இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். அப்பாவை மறுநாள்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே கொண்டுவந்தார்கள். கால் எலும்பு கூடியபிறகு, உள்ளே அனுப்பாமல் மேலேயே மரக்கட்டைகள் அடுக்கிவைக்கும் யார்டில் வேலை கொடுத்தார்கள். கொஞ்சம் விந்தி நடப்பார். அவ்வளவுதான் மிச்சம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இருட்டில் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி வந்துவிடும் என்பது போல அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டாள்.

ஒரு வருஷம் கழித்து இந்த ஓட்டம் தொடங்கியது. பகலில் எதுவும் இல்லை. வேலைக்குப் போவார், வருவார், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ராத்திரி சாப்பிட்டபின் சில நாள் உடம்பு நிலைகொள்ளாது. எழுந்து வெளியே போவார். லைனுக்குக் கீழே ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் ரோட்டில், தூரத்தில் இரண்டு விளக்கு சேர்ந்து வருவதைப் பார்த்துவிட்டால் போதும், அந்த விந்தல் காலோடு வண்டிக்கு நேராக ஓடுவார். சைக்கிள் விளக்குக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ ஓடமாட்டார்.

டாக்ஸி வந்துபோன அன்று ராத்திரி அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். தட்டிச் சுவருக்கு அப்பால் காது இருக்கும் என்பதால் என் காதருகே குனிந்து பேசினாள்.

"குடிகாரன்னா யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. இந்த லைன்ல பாதி பேரு குடிகாரன்தான். புத்தி சரியில்லைன்னு தெரிஞ்சிதுன்னு வையி, டாக்டர் ஒரு சீட்டு எழுதுவாரு, வேலை போயிடும், அப்பால இந்த ஊடும் போயிடும். உங்க ரெண்டு பேரையும் எவன் கட்டுவான்? ரத்தத்துல கீதுன்னு சொல்லுவாங்க. யாராவது கேட்டா குடின்னு சொல்லு. தங்கச்சிக்கும் சொல்லிவையி."

அம்மா சொன்னதில் தப்பு என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது யோசித்தால்கூட, அவள் கணக்கு அந்த ஊருக்குச் சரியான கணக்குத்தான். நான் தங்கைக்குச் சொல்லிவைத்தேன்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது கோயிலை. அப்பா எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுத்து வருபவர். வெள்ளைச் சட்டை போட்டு, சிவப்பு வெல்வெட் பையை ஒவ்வொரு வரிசையாக நீட்டிக்கொண்டு வருவார். எங்கள் வரிசைக்கு வரும்போது முகத்தை மிகவும் கறாராக வைத்துக்கொள்வார், எங்களுக்குச் சிரிப்பு வரும். குடி விஷயம் பரவிய சில வாரங்களில் அந்தப் பை வேறொருவர் கைக்குப் போனது. பிறகு பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அப்பாவை முழங்காலில் நிற்கச் சொல்லி, தலைமேல் கைவைத்து, இந்த மனுஷனை மதுவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாக்கும் ஆண்டவரே என்று நீண்ட ஜெபம் செய்தார். நானும் அம்மாவும் தங்கையும் பின்னால் முழங்காலில் இருந்தோம். அப்பா ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் கண்ணைத் திறந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்ததும் அப்பா தெளிவாக "ஆமென்" என்றார். பாஸ்டருக்குத் திருப்தி. அப்பாவே எழுந்து அவருக்கு நாற்காலியை எடுத்துப் போட்டு, காப்பி குடித்துவிட்டுப் போங்கள் ஐயா என்றார்.

விடுதலை வரவில்லை, ஓட்டம் நிற்கவில்லை. ஆகவே அப்பாவுக்குத் திருவிருந்து அப்பம் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். மாதத்தில் முதல் ஞாயிறு சபை முழுவதும் எழுந்து முன்னே போகும்போது அப்பா கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் மூவரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். என் சேலை அவர் முழங்காலில் உரசும். போய் மண்டியிட்டு அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வருவேன். இதைச் செய்தேன் என்று எழுதுவதற்கே கூசுகிறது. ஒரு தடவை அல்ல, வருஷக்கணக்கில் செய்தேன்.

டிரைவர்கள் இதற்குள் அப்பாவைத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அந்த ரோட்டில் ராத்திரி ஓடிய வண்டிகள் குறைவு. ராபர்ட்சன்பேட்டை டாக்ஸிகள் சில, அதிகாரிகளின் கார்கள், கோலாரிலிருந்து வரும் கடைசி பஸ், எப்போதாவது லாரி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத்தான் சமாளித்தார்கள். ஒரு லாரிக்காரர் கையில் தடி வைத்திருந்தார். ஒருமுறை அப்பா முதுகில் அதன் தடத்தோடு வந்தார். ஒரு அதிகாரியின் டிரைவர் ஹார்னை அழுத்திப் பிடித்தபடி வண்டியை ஒடித்து ஓட்டிவிடுவார், அப்பா புழுதியில் விழுவார். முதல் நாள் அறைந்த அந்த மப்ளர்க்காரர்தான் பெரும்பாலும் அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அறைந்தது அவரை உறுத்தியிருக்க வேண்டும். வாசலோடு நிற்பார். "அக்கா, வந்துட்டாரு" என்று மெதுவாகக் கூப்பிடுவார். அம்மா கதவைப் பாதி திறந்து அப்பாவை உள்ளே இழுத்துக்கொள்வாள். அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட நாங்கள் கொடுத்ததில்லை. அதிகம் பேசினால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயம்.

அப்பாவின் ஓட்டத்தை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்ததும் அந்த மப்ளர்க்காரர்தான் என்று பின்னால் தெரிந்தது. அந்த வழியை நான் பார்த்தது ஒரு பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு.

அப்போது நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஒரு சான்றிதழ் விஷயமாகக் கோலாருக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் காக்கவைத்துவிட்டார்கள், கடைசி பஸ்தான் கிடைத்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் நிலவில் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில், திடீரென்று பஸ் நின்றது. டிரைவர் முன்விளக்கை அணைத்துவிட்டார். உள்ளேயும் இருட்டு.

"இன்னாப்பா ஆச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"சும்மா இருங்க, ஒரு நிமிஷம்," என்றார் டிரைவர்.

ரோட்டில் யாரோ விந்தி ஓடிவரும் காலடி கேட்டது. விளக்கு அணைந்ததும் அந்த ஓட்டம் நடையானது. பிறகு பஸ்ஸின் முன் தகரத்தில் இரண்டு உள்ளங்கைகள் விழும் சத்தம். அதன்பின் அப்பாவின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் வேலையில் மேஸ்திரியிடம் பேசுவது போல மரியாதையாக:

"எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, பழகிய குரலில் சொன்னார்: "எல்லாரும் வந்துட்டாங்க பெரியவரே. ஒருத்தரும் உள்ள இல்ல. நீங்க ஊட்டுக்குப் போங்க."

"சரி," என்றார் அப்பா. "சரி, சரி."

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. என் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னை இடித்து, "யாரும்மா அது? உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாதுங்க," என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னதோடு விடவில்லை. "யாரோ குடிகாரன் போல," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா ரோட்டோரமாக ஒதுங்கி பஸ்ஸுக்கு வழி விட்டார். பஸ் நகர்ந்தபோது என் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றார். நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன். எங்கள் நிறுத்தத்தில் இறங்காமல், ராபர்ட்சன்பேட்டை வரை போய், அங்கிருந்து நடந்து வந்தேன். வீட்டில் அப்பா எனக்கு முன்பே வந்து படுத்திருந்தார்.

காலையில் தலைவாரிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "நேத்து எந்த பஸ்ல வந்தேம்மா?"

"சாயங்கால பஸ்ல வந்து, சிநேகிதி ஊட்டுல இருந்துட்டு வந்தேன்."

"அதான் நல்லது. ராத்திரி பஸ் வேணாம்," என்றார். என்னைப் பார்த்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. வேலூர்ப் பக்கம், நல்ல குடும்பம், பையன் தபால் ஆபீஸில் குமாஸ்தா. பாஸ்டர் மூலமாக வந்த சம்பந்தம். அப்பாவின் குடியைப் பற்றி அவரே அவர்களிடம் சொல்லியிருந்தார். "தகப்பனார் குடிப்பாரு, ஆனா பொண்ணு தங்கம்" என்று. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் திட்டம் பலித்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

அவர்கள் சனிக்கிழமை மத்தியானமே வந்து, வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. ரயில் தாமதம். பொழுது சாய்ந்தது, இருட்டியது. தங்கையை அப்பா பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தோம். அவள் எழுந்து எனக்குப் பூ வைத்துவிட வந்த இடைவெளியில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "புது ஆளுங்க. வழி தெரியாம நிப்பாங்க. ரோட்டாண்ட போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பின் கதவைத் திறந்துகொண்டு பையனின் தாயாரும் பெரியப்பாவும் பையனும் இறங்கினார்கள். முன் சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அதே மப்ளர் டிரைவர். பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் அவர்கள் ஏறியது அந்த வண்டியில்.

நான் தடுப்புத் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். துணியின் ஓரமாக எல்லாம் தெரிந்தது. பெரியப்பா கறுப்புக் கோட்டு போட்ட, அமைதியான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவையே கவனமாகப் பார்த்தார். அப்பா சிரித்த முகத்தோடு பெஞ்சை இழுத்துப் போட்டு, ரயில் எந்த இடத்தில் நின்றது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சட்டையில் புழுதி இருந்தது. பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதுதான் அன்று எங்களுக்குக் கேடாக வந்தது.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் பெரியப்பா அம்மாவிடம். "உங்க வீட்டுக்காரர் வண்டிக்குக் குறுக்கே ஓடிவந்துட்டார். நாங்க பதறிப்போயிட்டோம். டிரைவர் விளக்கை அணைச்சு ஏதோ பேசினதும் சாந்தமாயிட்டார். குடிப்பாருன்னு பாஸ்டர் சொன்னார். இன்னைக்கும் குடிச்சிருக்காரா?"

"ஆமாங்க," என்றாள் அம்மா. "எப்பனா ஒருநாள். நீங்க வர்ற சந்தோஷத்துல..."

டாக்ஸி வாடகைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்த டிரைவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"ஐயோ, இல்லீங்க சார்! குறுக்க பேசறேன்னு கோச்சிக்காதீங்க. எத்தினியோ தபா நான்தான் இவரை இட்டாந்து விட்டுகீறேன். பக்கத்துல உக்கார வச்சிகினு வந்துகீறேன். ஒருநாள்கூட இவரு வாயில சாராய வாசனை வந்ததில்லீங்க. என் கொழந்தைங்க மேல சத்தியம். குடிகாரன் குடிகாரன்னு ஊரே சொல்லுது. அந்தப் பேச்சக் கேட்டு இந்த அக்காவும் நம்பிட்டாங்க. நல்ல மனுஷன் சார் இவரு. தங்கமான மனுஷன்."

நல்லது செய்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் இருந்தது. நாங்கள் கும்பிடுவோம் என்றுகூட எதிர்பார்த்திருப்பார்.

பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "குடிக்கலைன்னா, ஏன் அப்படி ஓடி வரார்?"

டிரைவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அம்மாவைப் பார்த்தார். "அது... ரோட்டுல இருட்டு சார்" என்று ஏதோ சொன்னார்.

பையனின் தாயார் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கிக் குடித்தார்கள். பையன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா ஒரு சிறு ஜெபம் செய்தார். அதே டாக்ஸியில் ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினார். வேண்டாம் என்றுவிட்டார்கள். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று அவர்களும் பாஸ்டரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். சபைக்குச் சந்தேகம் வராதிருக்க அப்பாவின் கடைசி பெஞ்சும் மாறவில்லை. வேலையும் வீடும் தப்பின.

அதற்கு அடுத்த வாரம் டிரைவர் மறுபடி அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். வராமல் இருந்திருக்கலாம். ரோட்டில் கிடந்தவரை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வந்திருக்காது. அம்மா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதால் கத்தவும் முடியவில்லை. அடித்தொண்டையில் சீறினாள்.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது? எம் பொண்ணு வாழ்க்கைய நாசம் பண்ணிட்டியே!"

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. மெய்யாலும் தெரியாது. நல்லதுன்னு நெனச்சி..."

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த வாரம் முழுவதும் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "எங்க நைனாவ நாங்க குடிகாரன்னு சொல்றோம். உனக்கு இன்னா நோவுது? வண்டி ஓட்டறவன் வண்டி ஓட்டிகினு போவவேண்டியதுதானே?" என்றேன். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் பெரியவரை நீ, வா என்று பேசினேன். டீச்சர் வேலை பார்ப்பவள் நான்.

அப்பா டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நேரங்களில் அவருக்கு எதுவும் காதில் விழாது என்றுதான் நாங்கள் நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் டிரைவரின் முகத்தைப் பார்த்து, வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"இனிமே யாரு கேட்டாலும் குடிப்பாருன்னே சொல்லிடுப்பா. அதுல ஒண்ணும் இல்ல. புள்ளைங்க இருக்குது பாரு."

டிரைவர் அழுதுவிட்டார். மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். அம்மா அப்பாவை உள்ளே அழைத்துப்போனாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாஸ்டர் முன்னால் "ஆமென்" என்று அவர் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் பொய்யை முதல் நாளிலிருந்தே அவர் அறிந்திருக்கிறார். அறிந்து, அதற்குத் தோள் கொடுத்திருக்கிறார். எனக்கு அவர் காலில் விழவேண்டும் போல் இருந்தது. விழவில்லை. போய்ப் படுத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. பெங்களூரில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவர் வீட்டாரிடமும் அப்பா குடிப்பார் என்றேதான் சொன்னோம். இந்த முறை பகலில் வந்து பகலிலேயே போய்விட்டார்கள். அவர்களை ஏற்றிவர மப்ளர் டிரைவரின் வண்டி வேண்டாம் என்று அம்மா ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள். அவரும் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய அண்ணன் குடித்தே செத்தவர், ஆகவே குடி என்றாலே அவருக்கு ஆகாது. அப்பா ஓய்வு பெற்றபின் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். என் கணவர் வாங்க என்று சொல்வார், ஆனால் படுக்கை முன் வராந்தாவில்தான். ராத்திரி கேட்டைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன். குழந்தைகளை அவர் மடியில் உட்காரவிடமாட்டார். "தாத்தாகிட்ட ரொம்பப் போகாதீங்க" என்பார். பெரியவன் ஒருமுறை அப்பாவின் முகத்துக்கு நேராகவே, "நீங்க குடிப்பீங்களா தாத்தா?" என்று கேட்டான். "முந்தி குடிச்சேன் கண்ணு. இப்ப விட்டுட்டேன்," என்றார் அப்பா. அவர் வரும்போதெல்லாம் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கிராம்பு வைத்திருப்பார், ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டுதான் எங்கள் கேட்டைத் திறப்பார். வாசனையை மறைக்கக் குடிகாரர்கள் செய்கிற வேலை. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் அதைச் செய்தார். நான் அடுப்படியில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல எத்தனையோ இரவுகள் இருந்தன. வேலை போகும் என்ற பயம் இப்போது இல்லை, வீடு போகும் என்ற பயமும் இல்லை. என் கணவர் என்னையும் என் குழந்தைகளையும் வேறு கண்ணால் பார்ப்பாரோ என்கிற ஒரு பயம்தான் மிச்சம். அதற்காகவே அப்பாவை வராந்தாவில் படுக்கவைத்தேன்.

அப்பா நெஞ்சில் தூசி அடைத்துத்தான் இறந்தார். சுரங்கத்தில் இருந்தவர்கள் பலருக்கும் வருகிற நோய். கடைசி இரண்டு வருஷம் அவரால் பத்தடி நடக்க முடியவில்லை. ஓட்டம் தானாகவே நின்றுபோனது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, உறவினர் ஒருவரிடம் என் கணவர் உண்மையான மரியாதையோடு சொன்னார்: "கடைசி காலத்துல குடியைச் சுத்தமா விட்டுட்டாருங்க. அது பெரிய விஷயம்." அந்த உறவினர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

பெங்களூருக்குத் திரும்பிய பிறகு, குழந்தைகள் தூங்கியதும் அவரிடம் சொன்னேன். பாறை சரிந்தது, முதல் நாள் எதிர்வீட்டு அம்மாள் கேட்டது, பஸ்ஸில் நான் சொன்னது, டிரைவரை நான் பேசியது, எல்லாவற்றையும். முடிந்ததும் அவர் கேட்டார்:

"அப்ப நான் இத்தனை வருஷமா ஒரு பாவமும் அறியாத மனுஷனையா வாசல்ல போட்டு வச்சேன்? என்னை அப்படிச் செய்ய வச்சிட்டியே. என்கிட்ட ஏன் சொல்லல?"

பல நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. குழந்தைகளிடம் அவரே ஒருநாள் சொன்னார், தாத்தா குடித்ததில்லை, நாம் தப்பாக நினைத்துவிட்டோம் என்று. சின்னவளுக்கு அது புரியவில்லை. பெரியவன் மட்டும், "தாத்தாவே குடிச்சேன்னு சொன்னாரே" என்றான். என் கணவர் எழுந்து வெளியே போனார்.

அம்மாவிடமும் சொன்னேன். சொல்லிவிட்டேன் அம்மா, மனசு பாரம் கொஞ்சம் இறங்கியது என்றேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"இன்னாத்துக்குடி சொன்னே? குடிகாரன்னு பேரோட போனாரு, போயிட்டாரு. இப்ப செத்தவருக்குப் பைத்தியக்காரன்னு ஒரு பேரு வாங்கிக் குடுத்துட்டு வந்துகீறியா? உம் மனசு பாரம் இறங்கறதுக்கு அவருதான் கெடச்சாரா?"

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.